பேக்-மேன் 256: கடினம் அல்ல, பிழை
‘பேக்-மேனின் 256-ஆவது லெவலை யாரும் ஜெயிக்கக் கூடாதென்றே அவ்வளவு கடினமாகச் செய்தார்கள்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. அது வெறும் நிரல் பிழை. 1980-இல் வந்த அந்த ஆர்கேட் கேமில் (காசு போட்டு ஆடும் கேம்) லெவல் எண்ணுக்கு 8 பிட்தான் இடம், அதாவது 0 முதல் 255 வரைதான் எண்ண முடியும். 256-இல் கணக்கு புரண்டு, லெவலைக் காட்ட திரையின் கீழே ஏழு பழம் வரைய வேண்டிய நிரல் 256 பழம் வரையப் போய், திரையின் வலது பாதியையே குப்பையாக்கிவிடும். லெவல் முடிய, வழியெங்கும் கிடக்கும் 244 புள்ளிகளைத் தின்ன வேண்டும். அங்கே அவ்வளவு கிடையாது. கில்லாடியே ஆடினாலும் அவ்வளவுதான்.

நிஜமான கஷ்டம் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. 19-ஆவது லெவலிலிருந்து பெரிய புள்ளியைத் தின்றாலும் துரத்தும் பேய்கள் நீலமாகாது, அதாவது அவற்றைத் திருப்பித் தின்ன முடியாது. அப்புறம் ஓட்டம்தான். ஆனால் பேய்கள் நிலையான விதிப்படி நகர்வதால், வழியை மனப்பாடம் செய்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.