எஃப்4 ஆடுகிறவருக்கு என் பதில் இ5தான்

செஸ்ஸில் வெள்ளையாக ஆடி, முதல் நகர்த்தலிலேயே எஃப் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி எஃப்4இல் வைக்கிறவருக்கு ஒரு கணக்கு உண்டு. 'நீ வழக்கமான இ4, டி4 தொடக்கங்களுக்கு எதிராக எதை வேண்டுமானாலும் மனப்பாடம் செய்துகொள், இங்கே அது செல்லாது' என்கிறார். பேர்டு ஓப்பனிங் என்கிற இந்தத் தொடக்கத்தின் கவர்ச்சியே அதுதான். எதிரில் இருப்பவர் டி5, குதிரை எஃப்6 என்று அடக்கமாக ஆடினால் அவர் விரும்பிய ஆட்டம் கிடைத்துவிடும். அதை ஏன் கொடுக்க வேண்டும்?

அதனால் கறுப்பில் நான் 1...இ5 ஆடுகிறேன் (எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி என்றால் கறுப்பின் நகர்த்தல்). இதுதான் ஃபிரோம் கேம்பிட்; கேம்பிட் என்றால் தாக்குதலுக்காகத் தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைப் பலி கொடுப்பது. 'வெறும் பொறி, விவரம் தெரிந்தவரிடம் எடுபடாது' என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கேம்பிட் நல்லதா கெட்டதா என்பதை, எதிராளியின் நகர்த்தலில் இருக்கும் ஓட்டையை அது தொடுகிறதா என்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். எஃப்4 எந்தக் காயையும் வெளியே கொண்டுவருவதில்லை. ராஜாவின் பக்கத்து வாசலை மட்டும் திறந்துவைக்கிறது. இ5 நேராக அந்த வாசலுக்குத்தான் போகிறது.

2.எஃப் சிப்பாய் இ5ஐ வெட்ட, டி6. 3.அது டி6ஐயும் வெட்ட, பிஷப் அதைத் திருப்பி வெட்டுகிறது. இங்கே வெள்ளை யோசிக்காமல் 4.குதிரை சி3 என்று வைத்தால் கதை முடிந்தது. ராணி ஹெச்4இல் செக். 5.ஜி3 என்று மறைத்தால் ராணியே ஜி3இல் விழுந்து மறுபடி செக். 6.ஹெச் சிப்பாய் ராணியை வெட்டும், பிஷப் ஜி3க்கு வந்து மேட். ராஜா நகர இடமே இல்லை. சுற்றி நிற்பதெல்லாம் அவருடைய ஆட்கள்தான்.

சரி, விவரம் தெரிந்தவர் 4.குதிரை எஃப்3 வைப்பார். ஹெச்4க்குக் காவல் வந்துவிடும். பொறி போனால் கேம்பிட்டும் போச்சு என்பவர்கள் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் 4...ஜி5 இருக்கிறதே! அடுத்து ஜி4 வந்து அந்தக் காவல் குதிரையையே விரட்டும். பின்னாளில் உலக சாம்பியனான இமானுவேல் லாஸ்கர் 1892இல், இந்த ஓப்பனிங்குக்குப் பெயர் தந்த ஹென்றி பேர்டுக்கு எதிராகவே ஆடிக் காட்டியது இது. இந்த வரிசை இன்றும் லாஸ்கர் பெயரில்தான் இருக்கிறது. அதே லாஸ்கர் 1889இல் ஆம்ஸ்டர்டாமில் எஃப்4இல் தொடங்கித்தான், இரண்டு பிஷப்பையும் பலி கொடுத்து பாவர் என்ற ஆட்டக்காரரை வென்றார் என்பது தனிக் கதை. இரண்டு பக்கமும் ஆடிப் பார்த்த மனிதர்.

இதில் எனக்குப் பிடித்தது தாக்குதல்கூட இல்லை. 5.டி4 ஜி4 6.குதிரை இ5, பிஷப் அதை வெட்ட, டி சிப்பாய் திருப்பி வெட்ட, ராணிக்கு ராணி. வெள்ளை ராஜா கோட்டை கட்டும் உரிமையை இழந்து டி1இல் நிற்பார். இ5இல் அந்தச் சிப்பாய் அநாதை. 8...குதிரை சி6 என்று அதைக் குறிவைத்தால் போதும். மேட் பயத்தில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று ராணி இல்லாத ஆட்டத்தைச் சமாளிக்க வேண்டும்!

செஸ் என்ஜினை, அதாவது ஆட்டத்தை அலசும் கணினி நிரலைக் கேட்டால் வெள்ளைக்குக் கொஞ்சம் சாதகம் என்றுதான் சொல்லும். சொல்லட்டும். மூன்று நிமிட பிளிட்ஸ் என்கிற வேக ஆட்டத்தில் எதிராளி என்ஜின் இல்லை.

எல்லா விநோத ஓப்பனிங்குக்கும் இது மருந்தும் இல்லை. 1.ஜி4 ஆடுகிறவரிடம் 1...டி5, 2.பிஷப் ஜி2 வந்ததும் ஜி4ஐ வெட்டிப் பாருங்கள். சி4 வரும், ராணி பி3க்கு வந்து பி7ஐ முறைக்கும். அங்கே கேம்பிட் ஆடுவது அவர், நாம் அல்ல. வெட்டாமல் சி6 வைத்து மையத்தைப் பிடித்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

ஃபிரோம் ஆடப் போகிறவர் ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போக வேண்டும். வெள்ளை இ5ஐ வெட்டாமல் 2.இ4 என்று வைத்தால் அது கிங்ஸ் கேம்பிட் ஆகிவிடும். நிறைய பேர் தடுமாறுவது இங்கேதான். எனக்கென்றால் 2...டி5, ஃபால்க்பியர் என்கிற எதிர் கேம்பிட். அவர் ஒரு சிப்பாயை நீட்ட, நான் இன்னொன்றை நீட்ட, அப்புறம் யார் யாருக்குக் கடன் என்று தெரியவே நாலைந்து நகர்த்தல் ஆகும்.