மின்சாரக் கார் சரி, எந்த மீட்டரில் சொருகுவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாடகை ஃப்ளாட்டில் இருக்கும் நம்மவர்கள் மின்சாரக் கார் வாங்கலாமா என்று கேட்டால், நான் விலையைப் பற்றிப் பேசுவதில்லை. பிஒய்டி டால்ஃபின் சர்ஃப் என்ற சின்ன மின்சாரக் கார் 2025இல் 3,39,900 ரேண்டுக்கு வந்துவிட்டது. "பார்க்கிங்கில் பிளக் இருக்கிறதா, அது யார் மீட்டரில் ஓடுகிறது?" என்றுதான் கேட்பேன்.

பெரும்பாலும் அது வளாகத்தின் பொது மீட்டராக இருக்கும். அந்த பில் எல்லா உரிமையாளர்களும் மாதாமாதம் கட்டும் லெவியிலிருந்து (பராமரிப்புக் கட்டணம்) போகிறது. நம் ப்ரீபெய்ட் மீட்டரோ மேலே வீட்டுக்குள். முன்பணம் கட்டி வாங்கிய டோக்கன் எண்ணைத் தட்டி ஏற்றிய யூனிட் மாடி இறங்கி வராது. பொது பிளக்கில் சொருகினால் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பார். அவர் கோபம் நியாயம்தான்.

சரி, தனி லைன் போடலாம் என்றால், சுவரும் பார்க்கிங்கும் எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவான சொத்து, பாடி கார்ப்பரேட் (வளாகத்தின் உரிமையாளர் சங்கம்) சம்மதம் வேண்டும். கூட்டத்தில் ஓட்டு உரிமையாளருக்குத்தான், குடியிருப்பவருக்கு இல்லை. எங்கள் வளாகத்தில் சங்கத்தை நடத்தும் டிரஸ்டிகளிடம் கேட்டேன், "ஓனரைக் கேட்கச் சொல்லுங்கள்" என்றார்கள். ஓனரோ "நீங்கள் காலி செய்தபின் அந்த ஒயர் எனக்கு எதற்கு?" என்கிறார். தேவைப்படுபவனுக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் இருப்பவருக்குத் தேவை இல்லை.

இதில் எரிச்சல் என்னவென்றால், கேட்பது பெரிய விஷயமே இல்லை. தினம் 50 கிலோமீட்டர் ஓட்டினால் சுமார் 8 யூனிட் ஆகும். சாதாரண பிளக்கில் 10 ஆம்பியரில் ராத்திரி நாலு மணி நேரம் போதும். நம் வீட்டு கீசர் இதைவிட அதிகம் இழுக்கிறது; அதற்கு யாரும் கூட்டம் போட்டதில்லை! "பேட்டரி தீப்பிடித்தால்?" என்று கேட்பவர்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் பதில் கேட்டு வாங்கட்டும். பயத்தையே பதிலாகச் சொல்லக் கூடாது.

வேடிக்கை, டர்பனின் உம்லாங்கா பகுதி ஃப்ளாட்டைவிட சாட்ஸ்வர்த் பகுதியில் அவுட்பில்டிங்கில் (ஒருவர் வீட்டு மனையிலேயே தனியாகக் கட்டிய சிறு வீட்டில்) வாடகைக்கு இருப்பவருக்கு இது சுலபம். கார் வீட்டை ஒட்டியே நிற்கிறது, பேச வேண்டியது ஒரே வீட்டுக்காரரிடம். நம் யூனிட்டைத் தனியாகக் கணக்கிட ஒரு சப்மீட்டர், ஒயரிங் சரியாக இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் தரும் சிஓசி சான்றிதழ், முடிந்தது. ஜன்னல் வழியே எக்ஸ்டென்ஷன் ஒயர் மட்டும் வேண்டாம். மணிக்கணக்கில் ஓடினால் சூடேறும்.

ஃப்ளாட்டுக்கு என் யோசனை: ஆளுக்கொரு வால்பாக்ஸ் (சுவரில் மாட்டும் சார்ஜர்) வேண்டாம். பாடி கார்ப்பரேட்டே பார்க்கிங்குக்கு ஒரு லைன் இழுத்து, சில பிளக், ஒவ்வொன்றுக்கும் சப்மீட்டர் வைக்கட்டும். பயன்படுத்துபவர் யூனிட் கணக்கில் கட்டட்டும். ஒயர் கட்டடத்தோடு இருக்கும், நாம் காலி செய்தாலும் அடுத்தவருக்கு ஆகும். ஏஜிஎம் (ஆண்டுப் பொதுக்கூட்டம்) நோட்டீஸ் போகும் முன்பே இதை ஓனர் பெயரில் எழுதி அனுப்ப வையுங்கள். மாதிரிக் கடிதம் வேண்டுபவர்கள் கமென்ட்டில் கேளுங்கள், தருகிறேன்.