வார்னிங் தானே ப்ரோ, எரர் இல்லையே!

இந்த வசனத்தை எத்தனை ஆபீசில் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. எழுதிய கோடை கம்பைலர் இயங்கும் புரோகிராமாக மாற்றுவதுதான் பில்ட். அது ஓடும்போது ‘இங்கே ஏதோ இடிக்கிறது’ என்று திரை நிறைய வார்னிங் ஓடும், கடைசியில் சக்சஸ் என்று முடியும், எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பிவிடுவோம்.

இதைத் திட்டி எழுதுவது சுலபம். எனக்கு அதைவிடப் பயம், ஒரு வார்னிங்கும் இருக்கக் கூடாது என்று வரிந்துகட்டிக்கொண்டு துடைக்கிறவர்களைக் கண்டால்தான். நானும் அப்படித் துடைத்தவன்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் 32-பிட் கருவி ஒன்றுக்கு சி-யில் எழுதிக்கொண்டிருந்தோம். ரிலீசுக்கு முன்னால் ‘ஜீரோ வார்னிங்’ என்று மேலிடத்து உத்தரவு. இரண்டே நாளில் அறுநூற்றுச் சொச்சத்தைக் காலி செய்தேன். அதில் ஒன்று, சாக்கெட் என்ற நெட்வொர்க் இணைப்பிலிருந்து எத்தனை பைட் வந்தது என்பதை, பாக்கெட்டின் தலைப்பகுதியான ஹெடரின் சைஸோடு ஒப்பிடும் வரி. ஒரு பக்கம் மைனஸும் ஏற்கும் சைன்டு இன்ட், மறுபக்கம் சைஸ்ஆஃப் தரும், மைனஸே தெரியாத அன்சைன்டு. இரண்டும் வேற ஜாதியாச்சே என்று கம்பைலர் முனகியது. இன்ட்டையும் அன்சைன்டாகவே எடுத்துக்கொள் என்று ஒரு காஸ்ட் போட்டு வாயை அடைத்தேன். ரீட் தோற்றால் -1 வரும். அன்சைன்டு ஆனதும் அந்த -1, 429 கோடிக்கு மேல்! ‘ஹெடரைவிடப் பெரிசா?’ என்ற இஃப் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்றது. வராத பாக்கெட்டை வந்ததாக நினைத்து, பஃபரில் கிடந்த பழைய பாக்கெட்டையே திரும்பப் பிரித்துக்கொண்டிருந்தது புரோகிராம். காஸ்டுக்கு முன்பும் இதே பிழைதான். ஆனால் அதைக் காட்டிக்கொடுத்த ஒரே ஆளையும் நான் அனுப்பிவைத்துவிட்டேன்.

என் கதையாவது ஒரு கருவியோடு போனது. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் கதை தெரியுமா? அங்கே முனகியது கம்பைலர் அல்ல, வால்கிரைண்ட் என்ற மெமரி சோதனைக் கருவி. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் மதிப்பே வைக்காத மெமரியை வாசிப்பதாகச் சொன்னது. 2006-இல் டெபியனில் அந்த லைப்ரரியின் பராமரிப்பாளர் அதற்குக் காரணமான இரண்டு வரிகளை கமென்ட் ஆக்கி, ஓடாதபடி செய்தார். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. ஒன்று போனால் நஷ்டமில்லை. மற்றொன்று வழியாகத்தான் சாவிகளை உருவாக்கும் ரேண்டம் எண்ணுக்கான விதை மொத்தமும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மிஞ்சியது ஓடும் புரோகிராமுக்கு சிஸ்டம் தரும் எண்ணான பிராசஸ் ஐடி மட்டும், அதிகபட்சம் 32,768. 2008 மே மாதம் வெளியே தெரியும்வரை டெபியனிலும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவிலும் உருவான, சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவிகளை யார் வேண்டுமானாலும் வரிசையாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நிலை. இத்தனைக்கும் அவர் கைவைக்கும் முன் ஓப்பன்எஸ்எஸ்எல் மெயிலிங் லிஸ்டில் கேட்டிருந்தார்!

‘வார்னிங் எல்லாவற்றையும் எரராக்கிவிடு, ஒழுங்காவார்கள்’ என்பார்கள். 2021 செப்டம்பரில் லினக்ஸின் மையமான கெர்னலுக்கு, அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதைத்தான் செய்தார். பல இடங்களில் பில்ட் உடைந்தது, சில நாளிலேயே பிடியைத் தளர்த்தினார். என் கருத்தில் அந்தச் சாட்டை, கோடைத் தானாகச் சோதிக்கும் நம் சிஐ சர்வரில் இருக்கட்டும். நம் சோர்ஸை எடுத்துப்போய் அடுத்த வருஷத்து ஜிசிசி கம்பைலரில் பில்ட் பண்ணுகிறவர் தலையில் விழ வேண்டாம். புது வெர்ஷன் வந்தால் புது வார்னிங்கும் வரும்.

வேண்டாத வார்னிங் என்று உண்டுதான், மறுக்கவில்லை. அடுத்தவர் லைப்ரரி ஹெடர் ஃபைலிலிருந்து கொட்டுவதை ஐசிஸ்டம் என்ற கம்பைலர் ஃப்ளாகில் ஒதுக்குங்கள், அது நம் வீட்டுக் குப்பை இல்லை. நம் கோடில் என்றால் கம்பைலருக்குச் சொல்லும் பிராக்மா கட்டளையில் புஷ், பாப் போட்டு அந்த ஓரிரு வரிக்கு மட்டும் மூடுங்கள், மேலே ஏன் என்று எழுதுங்கள். பில்டுக்கான கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில் ஒரேயடியாக ஊரையே ஊமையாக்குகிறார்களே, அதுதான் எனக்கு ஆகவே ஆகாது.

போன வாரம் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண், “அண்ணா, இந்த வேரியபிள் அன்யூஸ்டுன்னு ரிலீஸ் பில்டுல மட்டும் சொல்லுது, டிபக்ல சொல்லல. மூடிரலாமா?” என்று கேட்டாள். எனக்கும் சட்டென்று தெரியவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். அந்த வேரியபிளைத் தொடுவது, நிபந்தனை சரிதானா என்று சோதிக்கும் ஒரே ஒரு அசெர்ட், ரிலீஸில் அசெர்ட்டே காணாமல் போய்விடுகிறது. ஒன்றுமில்லாத விஷயம். காரணத்தை ஒரு வரி எழுதி மூடிவிட்டு டீக்குப் போனோம்.