இடித்ததைவிட அள்ளுவதற்குத்தான் செலவு

குளியலறையை இடிக்கக் கொத்தனார் கேட்ட கூலி நியாயமானது. இடிபாட்டை அள்ள டிராக்டர்காரர்கள் கேட்பதுதான் வயிற்றெரிச்சல். காலையில் ஒரு விலை, மாலையில் வேறு விலை. மாசி வீதிச் சந்து என்றாலே தனிக் காசு. ஏற்றுகூலி தனி. பெட்டி நிறைவதற்குள் ஒரு நடை முடிந்ததாம்! உடைந்த டைல்ஸும் காரைக்கட்டியுமாக மூட்டைகள் வாசலை அடைத்துக் கிடக்கின்றன. ஒரு சாக்கு கிழிந்து சிமெண்ட் தூள் சாக்கடை வரை பரவியிருக்கிறது. இவ்வளவு வாங்கிக்கொண்டு எங்கே கொட்டுகிறார்கள்? வைகைக் கரையில்! ஆற்றைத் தூர்க்கவா காசு கொடுக்கிறோம்? கட்டடக் கழிவுக்குக் கொள்கலன் வைத்து, நிறைந்ததும் அகற்றுவது உள்ளாட்சியின் பொறுப்பு என்றன 2016ஆம் ஆண்டு விதிகள். எங்கள் தெருவில் அதைக் கண்டவர் யார்? நியாயமான வாடகைக்கு ஒரு தொட்டி கேட்பது அவ்வளவு பெரிய ஆசையா?