அந்த வகுப்பை ஏன் நிறுத்தினீர்கள்?

எட்டாம் வகுப்புப் பெற்றோர் குழுவில் இரண்டு நாளாக நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். உடம்பைப் பற்றியும் பாலியல் தொல்லையைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இருந்த வகுப்பு வேண்டாம் என்று பலர் எழுதினீர்கள், கடைசியில் பள்ளியில் அதை ரத்து செய்தே விட்டார்கள். நேற்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தனக்கு நடந்ததைச் சொல்ல ஒரு குழந்தைக்கு வார்த்தை வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012இல் வந்த போக்சோ சட்டப்படி, குற்றம் தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருந்தால் அதற்கே தண்டனை உண்டு. சரி, குழந்தை சொன்னால்தானே நமக்குத் தெரியும்? உடம்பில் அந்த இடத்துக்குப் பெயரே சொல்லித்தராமல் எதைச் சொல்லும்?

ஒன்பது வயதில் நான் அம்மாவிடம், "அந்த மாமா வீட்டுக்குப் போகமாட்டேன்" என்று மட்டும்தான் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை இல்லை. பெரியவங்களை அப்படிச் சொல்லக்கூடாது என்று கண்டித்து, பாயசக் கிண்ணத்தைக் கையில் கொடுத்து அதே வீட்டுக்கு அனுப்பினார். அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

"நம் கலாச்சாரத்துக்கு ஒத்துவராது" என்கிறார்கள். 2007இல், பள்ளிகளில் பாலியல் கல்வி சொல்லித்தர வந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் எல்லாம் இதையே சொல்லித்தான் தடுத்தன. அதே 2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வு வெளிவந்தது. 53 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒரு பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். "பையன்களுக்கு எதுக்கு இந்த வகுப்பு?" என்று கேட்ட அப்பா இதைப் படிக்க வேண்டும்.

வயதுக்கு மீறி எதையாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. பாடத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் பாருங்கள், நானும் உங்களோடு வருகிறேன். ஆனால் "நாங்களே வீட்டில் சொல்லிக்கொள்கிறோம்" என்று எழுதிய அத்தனை பேரிடமும் கேட்கிறேன், இதுவரை என்ன சொல்லியிருக்கிறீர்கள்? தொல்லை கொடுப்பவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால் அந்தக் குழந்தை யாரிடம் போகும்? குழந்தைகள் உதவிக்கு அழைக்கும் 1098 என்ற எண்ணையாவது சொல்லித்தந்தீர்களா?

இதெல்லாம் போகட்டும். வகுப்பெடுக்க இருந்த டீச்சர் நேற்று குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். அதற்குக் கீழே பதினேழு பேர் கைகூப்பியிருந்தீர்கள். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? என் ஒன்பது வயதில் அப்படி ஒரு டீச்சர் எனக்குக் கிடைக்கவில்லையே.