கூட்டம் கொன்றால் குற்றவாளி யார்?

அரசியல் போராட்டம் ஒன்றில் உயிர் போய்விட்டால், "அத்தனை பேர் இருந்த கூட்டத்துல யாருன்னு சொல்றது?" என்ற பேச்சு அன்று மாலையே மதுரை டீக்கடைகளில் தொடங்கிவிடுகிறது, சில மாதங்களில் அதுவே நீதிமன்றத்தில் எதிர்வாதமாகவும் வந்து நிற்கிறது. ஆனால் சட்டம் அந்தக் கேள்விக்கு எப்போதோ விடை சொல்லிவிட்டது. ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ சட்டவிரோதமான பொது நோக்கத்தோடு கூடி, அதை நிறைவேற்றும் போக்கில் அவர்களில் ஒருவர் கொலை செய்தால், அல்லது அப்படி நடக்கக்கூடும் என்று அறிந்தே மற்றவர்கள் உடன் நின்றிருந்தால், அனைவருமே அக்குற்றத்துக்குப் பொறுப்பு என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 149-ஆம் பிரிவு கூறியது. 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 190-ஆம் பிரிவு அதையே கூறுகிறது.

நமக்கு இது ஏட்டுச் சட்டம் அல்ல. 2007 மே 9 அன்று, கலைஞரின் அரசியல் வாரிசு யார் என்று தினகரன் நாளிதழில் வெளியான கருத்துக்கணிப்பால் ஆத்திரமடைந்த கட்சிக்காரர்கள் மேலூர் சாலையில் உத்தங்குடியில் இருந்த அதன் அலுவலகத்தைத் தாக்கித் தீ வைத்ததில், அங்கே வேலை பார்த்த மூன்று பேர் இறந்தனர். கருத்துக்கணிப்புக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சிபிஐ விசாரித்த அந்த வழக்கில் 2009 டிசம்பரில் மதுரை நீதிமன்றம் 17 பேரையும் விடுதலை செய்தது. 2019 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை மாற்றி ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்தக் கிளை இருக்கும் இடமும் அதே மேலூர் சாலைதான். ஆனால் சம்பவத்திலிருந்து அந்தத் தீர்ப்புக்கு வந்து சேரக் கிட்டத்தட்ட பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஏன் இத்தனை தாமதம், ஏன் இத்தனை தடுமாற்றம் என்றால், என் அனுபவத்தில் ஓட்டை சட்டத்தில் இல்லை, சாட்சிக் கூண்டில் இருக்கிறது. கலவர வழக்குகளில் நான் பார்த்த காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். காவல் நிலையத்தில் நான்கு பக்கம் வாக்குமூலம் கொடுத்த கடைக்காரர், கூண்டில் ஏறியதும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கம் தலையைத் திருப்பாமலேயே, "அன்னைக்குக் கடையை அடைச்சுட்டுப் போயிட்டேங்கய்யா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறார். அரசு வழக்கறிஞர் அவரைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கிறார். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலையில் அதே தெருவில் அவர் ஷட்டரைத் தூக்கியாக வேண்டும். சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒப்புதல் தந்துவிட்டது. அதைக் கேட்டு வாங்கிய கடைக்காரர் ஒருவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

இங்கே இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 190-ஆம் பிரிவை வலைபோல் வீசி, வேடிக்கை பார்த்தவரையும் வழியில் சிக்கிக்கொண்டவரையும் சேர்த்து நூறு பெயர்களை எழுதிவிடுவது காவல்துறையின் பழைய வழக்கம். பெரும் கூட்டம் செய்த குற்றத்தில் ஒருவரைத் தண்டிக்க, இரண்டு மூன்று சாட்சிகளாவது முரணில்லாமல் அவரைக் குறிப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கையை உச்ச நீதிமன்றம் 1964-லேயே வகுத்துவிட்டது. நூறு பேரைச் சேர்க்கும் வழக்கில் உண்மையான பத்துப் பேரும் தப்பிவிடுகிறார்கள் என்பதே நடைமுறை.

என்னை அதிகம் உறுத்துவது, கூட்டத்தைத் திரட்டியவர்களும் தடுக்காமல் நின்றவர்களும்தான். தருமபுரியில் 2000 பிப்ரவரியில் பேருந்து எரிக்கப்பட்டு மூன்று கல்லூரி மாணவிகள் இறந்த வழக்கில், தூக்குத் தண்டனை பெற்று அது 2016-இல் ஆயுளாகக் குறைக்கப்பட்ட மூவரும், 2018-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி அரசால் விடுவிக்கப்பட்டனர். எந்தக் கட்சிக்காக எரித்தார்களோ அதே கட்சியின் ஆட்சி அப்போது நடந்தது. தண்டனைக் குறைப்பு அரசின் அதிகாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் தன் கட்சித் தொண்டர்களைத் தானே விடுவிப்பது நீதி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தினகரன் வழக்கில் உயர் நீதிமன்றம் காவல்துறை அதிகாரி ஒருவரையும் குற்றவாளி என்று தீர்மானித்தது. அந்தத் தீர்ப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்தப் பகுதிதான். சீருடையோடு அருகில் நின்று கல்லும் பெட்ரோல் குண்டும் பறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவரும் விசாரணைக்கு உட்பட்டவரே என்றால், அடுத்த முறை போராட்டத்துக்கு அனுமதி கேட்கும் கடிதத்தில் கையெழுத்திட்ட கட்சியின் மாவட்டச் செயலாளரையும், பந்தோபஸ்துக்குப் பொறுப்பேற்ற அதிகாரியையும் முதல் தகவல் அறிக்கை எழுதும்போதே விசாரிக்கத் தொடங்கலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.