அந்த 10 கோடி டாலர் சொத்து வரி அல்ல

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம், அது இருக்கும் ஃபிலடெல்ஃபியா நகரத்தின் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் 10 கோடி டாலர் சொத்து வரி கட்டுவதாக ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது தவறு. 2020-இல் அறிவித்த அந்த 10 கோடி, பத்து ஆண்டுகளுக்கும் சேர்த்து. ஆண்டுக்கு 1 கோடிதான். அதுவும் வரி இல்லை, பள்ளிக் கட்டடங்களில் ஈயமும் ஆஸ்பெஸ்டாஸும் அகற்றத் தரும் நன்கொடை. லாப நோக்கமற்ற நிறுவனம் என்பதால் கல்விக்குப் பயன்படும் இடங்களுக்கு வரிவிலக்கு உண்டு. வரிக்கு ஈடாக ஒரு தொகை கொடுங்கள் என்று அங்குள்ள பேராசிரியர்களே கேட்டுப் போராடினார்கள். வரி என்று சொன்னால் அவர்கள் கோரிக்கையே காணாமல் போய்விடும். அப்புறம், பல்கலைக்கழகம் இந்த நகரத்துக்கு என்ன தர வேண்டும் என்று பேசும்போது, 1960-களில் பல்கலைக்கழக விரிவாக்கத்துக்காக இடிக்கப்பட்ட கறுப்பின மக்களின் பிளாக் பாட்டம் குடியிருப்பையும் மறந்துவிடாதீர்கள்.